சுவரில் மாட்டிய மாப்பிள்ளை

போட்டோ எடுக்க ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டதும் பக்கிரிசாமி பிரிஞ்சாங் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்த் தலைச்சாயம் வாங்கி வந்தார். தலைக்கு அடித்தார், மீசைக்கு அடித்தார், மீதியை வீணாக்க மனம் வராமல் புருவத்திலும் தடவிக்கொண்டார். எழுபதைத் தாண்டிய மனிதர். சாயம் காய்ந்ததும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்து, ஐம்பத்தைந்துக்கு மேல் எவனும் சொல்ல முடியாது என்று தனக்குத்தானே தீர்ப்பு சொல்லிக்கொண்டார். மனைவி வேலம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

போட்டோ எடுக்க வந்த விக்னேஸ்வரிக்குத்தான், பாவம், அழுகை வந்துவிட்டது. கோலாலம்பூரில் ஒரு கல்லூரியில் புகைப்படக் கலை படிக்கிற பெண் அவள். அப்பாவுக்குப் பக்கத்தில் கியா பார்ம் என்ற ஊரில் காய்கறிக் கடை. 'முதுமையும் நினைவும்' என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, வயதானவர்கள் தங்களுடைய வாலிபத்துப் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்கிற மாதிரி எடுத்து வா என்று விரிவுரையாளர் அனுப்பியிருந்தார். வெள்ளை முடி வேண்டும், சுருக்கம் வேண்டும், தூரத்தில் எதையோ தொலைத்துவிட்ட பார்வை வேண்டும். போன வாரம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் பார்த்து, இவரைப்போல லட்சணமான கிழவர் கிடைக்க மாட்டார் என்று முடிவு செய்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

"தாத்தா, போன வாரம் முடியெல்லாம் வெள்ளையா இருந்திச்சே?"

"அது போன வாரம்லா."

"எனக்கு வயசானவங்கதான் வேணும் தாத்தா. புரொஜெக்டே அதான்."

"வயசு எங்க போவப் போவுது? உள்ளாற அப்படியேதான் இருக்கு. நீ எடும்மா" என்றார் பக்கிரிசாமி.

அவள் பெருமூச்சு விட்டுக் காமிராவை வெளியே எடுத்தாள். இளமைக்காலப் படம் எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல அவர் கூடத்துச் சுவரைக் காட்டினார்.

சாமி படங்களுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சற்றுப் பெரிய சட்டத்தில், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கோட்டும் டையும் போட்ட இளைஞன் ஒருவன் நாற்காலிக் கைப்பிடியில் கை வைத்து நிற்கிறான். பின்னால் திரையில் வரைந்த ஏரி, ஏரியில் ஓர் அன்னம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அகல விழித்த கண்கள். சிரிப்பு கிடையாது. ஒரு டாக்டரோ வக்கீலோ என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"நான்தான்" என்றார் பக்கிரிசாமி, அடக்கமாக. "இதப் பாத்துட்டுத்தான் எங்க வீட்டுக்காரி சரின்னு சொன்னா. ஒரே வீடு, ஒரே போட்டோ. மொத வீட்டுலயே அடிச்சிட்டோம்."

கேமரன் மலையில் அந்தக் காலத்தில் கல்யாணம் பேசினால் மாப்பிள்ளை போய்ப் பெண் பார்க்கிற வழக்கமெல்லாம் குறைவு. மலையிறங்கித் தாப்பா பக்கம் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் போட்டோதான் போகும். தானா ராத்தாவில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. நடத்திய முதலாளியை எல்லாரும் போட்டோ தவுக்கே என்று கூப்பிடுவார்கள். அவரிடம் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு டையும் இருந்தன. சுற்றுவட்டாரத் தோட்டத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தாம். கோட்டு ஒரு பருத்த ஆளுக்குத் தைத்தது. ஆகவே தவுக்கே முதுகுப் பக்கம் துணி காயப்போடுகிற கிளிப்பால் இறுக்கிப் பிடித்துவிடுவார். முன்னால் டாக்டர், பின்னால் கொடிக்கயிறு. படம் கழுவி வந்த பிறகு தூரிகையை எடுத்து, முகத்தில் இருக்கிற மேடு பள்ளத்தையெல்லாம் சரி செய்வார். மீசை வராதவனுக்கும் மீசை வரைவார். வந்தவனுக்கும் தனக்குப் பிடித்த மீசையையே வரைவார். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் மட்டுமே தன் முகத்தைப் பார்த்திருந்த பையன்களுக்கு, படத்தில் நிற்பது தான்தானா என்று சந்தேகப்படத் தோன்றாது.

அன்றைக்கு பக்கிரிசாமியும் அவருடைய பால்ய சிநேகிதன் இருளப்பனும் ஒரே கொழுந்து லோரியில் தொற்றிக்கொண்டு போனார்கள். ஒரே கோட்டை ஒருவர் கழற்ற ஒருவர் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் தயாரானதும் கல்யாணத் தரகர் ஸ்டூடியோவிலிருந்தே பட உறைகளை வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார். பக்கிரிசாமியின் உறை தாப்பாவுக்குப் போனது. சரி என்று பதில் வந்தது. இருளப்பனின் உறை அதற்கு அடுத்த ஊரான பீடோருக்குப் போனது. படத்தைப் பார்த்த பெண்வீட்டார், எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலம்மா கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பிறகுதான் பக்கிரிசாமி தன் படத்தையே முதன்முதலாகப் பார்த்தார். நான் இவ்வளவு அழகா என்று மலைத்துப் போனார்.

அந்த மலைப்பு இன்றுவரைக்கும் தெளியவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. பக்கிரிசாமியை வாழ்க்கையில் யாரும் எதற்கும் விரும்பிப் பொறுக்கியது கிடையாது. தோட்டத்துப் பந்தாட்டக் குழுவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்தவர். பேக்டரி வேலைக்கு மூன்று தடவை வரிசையில் நின்று, மூன்று தடவையும் பக்கத்தில் நின்றவனைத்தான் ஆள் எடுக்கிற தோட்டத்துக் கிராணி கூப்பிட்டுக்கொண்டார். மருந்து தெளிக்கிற வேலையிலேயே காலம் போயிற்று. ஆனால் எங்கோ தாப்பாவில், முன்பின் தெரியாத ஒரு பெண், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இவர்தான் என்று சொன்னாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் ஐம்பது வருஷம் தலைநிமிர்ந்து நடந்தார். தலைநிமிர்ந்ததோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. தீபாவளி, திருவிழா, கருமாதி என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம், "என் போட்டோ போன வேகத்துல சரின்னாங்க, இருளப்பன் போட்டோ போன வேகத்துல திரும்பிடுச்சு" என்று சொல்லிச் சிரிக்கவும் வைப்பார். இருளப்பன் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

விக்னேஸ்வரி படத்தைச் சட்டத்தோடு கழற்றி அவர் கையில் கொடுத்து, தேயிலைச் சரிவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"தாத்தா, கொஞ்சம் சோகமா பாருங்க."

"எதுக்கு? யாரு செத்தா?"

"அப்படியே தூரமா பாருங்க. பழச நினைச்சிக்குங்க."

பக்கிரிசாமி தூரமாகப் பார்த்தார். பழசை நினைத்தார். நினைத்ததும் வழக்கம்போல முகம் முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. தோட்டம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்கள் நாலு பேர் இவரைப் பார்த்துத் தாங்களும் சிரித்துக் கையாட்டினார்கள். இவரும் ஆட்டினார். அதற்குள் மலையில் எப்போதும் இறங்குகிற தூறல் இறங்கியது. சாயம் கரைந்து நெற்றியில் கறுப்பாக இரண்டு கோடு ஓடி, மூக்கு நுனியில் வந்து சேர்ந்தது. போதாதென்று, அவள் விளக்கைப் பளிச்சென்று அடிக்கிறபோதெல்லாம் அவருடைய ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"தாத்தா, ஏன் ஒரு கண்ண மூடுறீங்க?"

"வெளிச்சம் பட்டாலே அது அப்படித்தாம்மா. சின்னதுலேருந்து. அன்னிக்கு ஸ்டூடியோவுலகூட தவுக்கே சத்தம் போட்டாரு, கண்ணத் தொற கண்ணத் தொறன்னு. எனக்குத் தண்ணியா ஊத்துது" என்றார். நன்றாக ஞாபகம் இருந்தது. கோட்டின் கழுத்து அரித்தது முதற்கொண்டு ஞாபகம் இருந்தது.

இந்த இடத்தில் மனிதர் சற்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இருவரும் நனைந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வேலம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். விக்னேஸ்வரி பழைய படத்தைக் காமிராவில் பதிந்து, மடிக்கணினியில் போட்டாள். கண்காட்சிக்கு ஆள் உயரத்துக்குப் பெரிதாக அடிக்கப் போவதாகவும், தானா ராத்தாவில் மண்டபம் பேசியாகிவிட்டது என்றும் சொன்னாள். பக்கிரிசாமிக்குக் காதில் தேன் பாய்ந்தது.

"எல்லாரும் வந்து பாப்பாங்களா?"

"எல்லாரும் வருவாங்க தாத்தா." அவள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். மீசைக்குக் கீழே தூரிகைக் கோடு தெரிந்தது. கழுத்து தெரிந்தது. "தாத்தா, இந்தக் காதுல என்ன? கிழிஞ்ச மாதிரி இருக்கு?"

பக்கிரிசாமி குனிந்து பார்த்தார். இடது காது. கீழ்மடல் நடுவில் பிளந்து, இரண்டு நுனியாகத் தொங்கியது.

அந்தக் காதை அவருக்கு நன்றாகத் தெரியும். காது குத்திக் கடுக்கன் போட்ட புதிதில், கங்காணி வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறி, கிளையில் கடுக்கன் மாட்டிக் கிழிந்த காது அது. மரத்தில் ஏற்றிவிட்டவரே பக்கிரிசாமிதான். அது இருளப்பனின் காது.

கை தானாகத் தன் இடது காதுக்குப் போனது. மடல் வழவழவென்று முழுசாக இருந்தது. வலது காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதுவும் முழுசாகத்தான் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, பூச்சி அரிச்சிருக்கும்" என்றார்.

விக்னேஸ்வரி தலையாட்டிவிட்டு, "நாளைக்கு இருளப்பன் தாத்தாவ எடுக்குறேன். அவரும் பழைய போட்டோ வச்சிருக்காராம்" என்று சொல்லிக்கொண்டே பையைக் கட்டினாள். பக்கிரிசாமி கையிலிருந்த தேத்தண்ணி பாதி தட்டில் கொட்டிவிட்டது.

உறை மாறிவிட்டிருக்கிறது. ஒரே கோட்டு, ஒரே அன்னம், ஒரே தூரிகை மீசை. தவுக்கே எந்த முகத்தை எந்த உறையில் போட்டாரோ, யார் கண்டது? அப்படியானால் வேலம்மா பார்த்தது இருளப்பனை. சரி என்று சொன்னது இருளப்பனுக்கு. ஐம்பது வருஷமாக அந்தப் பெண்பிள்ளை வேறு ஒருத்தனை நினைத்துக் கழுத்தை நீட்டிவிட்டு, வந்து வாய்த்ததோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கிராணி தன்னைக் கூப்பிட்டார் என்று நினைத்திருந்தால், அப்போதும் கூப்பிட்டது பக்கத்தில் நின்றவனைத்தான்.

அன்று சாயங்காலத்திலிருந்து அவருக்கு எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. இருளப்பனின் மனைவி செல்லம் இறந்த பிறகு, வாரத்தில் ஒரு நாள் வேலம்மா அவருக்குக் குழம்பு கொடுத்தனுப்புவது வழக்கம். எத்தனையோ தடவை பக்கிரிசாமியே தூக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்றைக்கு மூடியைத் திறந்து பார்த்தார்.

"அவனுக்கு எதுக்கு ரெண்டு முட்ட?"

"உங்களுக்கும் ரெண்டுதான வச்சேன்?" என்றாள் வேலம்மா.

"எனக்கு ரெண்டு வச்சா அவனுக்கும் ரெண்டா?"

வேலம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். வேலம்மா இருளப்பனை அண்ணே என்று கூப்பிடுவாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். இத்தனை வருஷமாகக் காதில் விழுந்த அந்த அண்ணேயிலும் ஏதோ ஓர் ஏக்கம் இருப்பதாக இப்போது பக்கிரிசாமிக்குப் பட்டது. மனிதன் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால் முட்டை என்ன, உப்பு கூடப் பேசும்.

மறுநாள் காலை, விக்னேஸ்வரி வருவதற்கு முன்னால், அவர் இருளப்பன் வீட்டுக்கு ஓடினார். லயத்தில் நாலு வீடு தள்ளித்தான். இருளப்பன் வாசலில் உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு துழாவிக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்து பாதிதான் தெரியும் அவருக்கு.

"வாடா பக்கிரி. நல்ல வேள வந்த. அந்தப் புள்ள வருதாம். என் போட்டோ எங்கயோ அடியில கெடக்கு, எடுத்துக் குடு."

பக்கிரிசாமி பெட்டிக்குள் கையைவிட்டு, பழைய சேலைக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை உருவினார். அதே ஏரி. அதே அன்னம். அதே கோட்டு. கோட்டுக்குள்ளிருந்து ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணால் உலகத்தையே சந்தேகப்படுவதுபோல ஒருவன் முழித்துக்கொண்டு நின்றான். தவுக்கே மூடிய கண்மேல் ஒரு விழியை வரையப் பார்த்துப் பாதியில் கைவிட்டிருந்தது தெரிந்தது.

பக்கிரிசாமி தன்னைத்தானே சந்தித்தார். சந்தோஷமான சந்திப்பு என்று சொல்ல முடியாது.

"எப்படி இருக்கு?" என்றார் இருளப்பன்.

"ம். பரவால்ல. லட்சணமாத்தான் இருக்கு."

"லட்சணமா? என்னடா தமாஷ் பண்ற? ஓணான் வெயிலப் பாத்த மாதிரி இருக்கு. இந்த மூஞ்சிக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? பீடோர்க்காரன் மேல எனக்குக் கோவமே இல்ல. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

"அவ்ளோ மோசமெல்லாம் இல்லடா."

"மோசந்தான்டா. பாக்கவே சகிக்கல. அதான் பொட்டியில போட்டுப் பூட்டிட்டேன்."

தன் முகத்தைத் தன் கண் முன்னாலேயே ஒருவன் இப்படிக் காய்ச்சி எடுப்பதையும், அதற்கு வாயைத் திறக்க முடியாமல் நிற்பதையும் அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பக்கிரிசாமி பல்லைக் கடித்துக்கொண்டார்.

இருளப்பன் பெட்டியின் மூடியைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்ணுடா. இது திரும்பி வந்தப்ப நான் ஒரு மாசம் ஆள் முகம் பாக்கல. குனிஞ்சமேனிக்கே கொழுந்து மூட்டை தூக்குவேன். செல்லந்தான் ஒரு நாளு தேயில நிரையில நின்னுக்கிட்டு, என்னா ஓய், கீழ என்ன தேடுறன்னு கேட்டா. நேர்ல பாத்துக் கட்டிக்கிட்டா. செத்துப்போற வரைக்கும் இந்தப் போட்டோவ நான் அவகிட்ட காட்டவே இல்ல. பாத்துட்டு மனசு மாறிடுவாளோன்னு."

பக்கிரிசாமிக்குத் திருவிழா, தீபாவளி, கருமாதி, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எத்தனை கூட்டத்தில் எத்தனை சிரிப்பு. அத்தனைக்கும் இந்த மனிதன் சேர்ந்து சிரித்தானே. வெட்கமாக இருந்தது. அட்டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, "கண்ணாடி போட்டுக் குடுக்கிறேன்டா, கொஞ்சம் இரு" என்று ஏதோ சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வேலம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். பக்கிரிசாமி சுவரிலிருந்த படத்தை எடுத்தார். சட்டைக்குள்ளிருந்த படத்தையும் எடுத்தார். இரண்டையும் அவள் எதிரில் வைத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சொல்ல நினைத்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோய்விட்டது.

"வேலம்மா. இது நான் இல்ல."

அவள் நெத்திலியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது?"

"சொவத்துல இருக்கிறது. இது இருளப்பன். காதப் பாரு. உறை மாறிப்போச்சு. நீ சரின்னு சொன்னது அவனுக்கு. நான்... நான் சும்மா வந்து உக்காந்துட்டேன்." குரல் உடைந்தது. "அம்பது வருசமா உன்ன ஏமாத்திட்டேன். எனக்குத் தெரியாது, சாமி சத்தியமா தெரியாது."

வேலம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அவரைப் பார்த்தாள். இரண்டு படத்தையும் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க முடியாமல் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இதுக்கா நேத்து முட்டைய எண்ணுனீங்க?"

"சிரிக்காத வேலம்மா. எனக்கு உயிர் போவுது."

"ஏங்க, அந்தப் போட்டோவப் பாத்துட்டு நான் சரின்னு சொன்னேன்னு யாரு சொன்னா?"

"தரகர் சொன்னாரு. பொண்ணுக்கு ரொம்பப் புடிச்சிப்போச்சுன்னு."

"தரகர் வேற என்ன சொல்லுவாரு? எங்கப்பா அத என் கையில குடுத்தாரு. பாத்தேன். முண்டக் கண்ண வச்சிக்கிட்டு, வெறைச்சுப்போய், அடிக்க வர்ற மாதிரி நிக்கிறான். எனக்கு வேணாம்ப்பான்னு அழுதேன். மூணு நாளு சோறு திங்கல. யாரு கேட்டா? இழுத்துட்டு வந்துட்டாங்க. அந்த மலையில லோரி ஒவ்வொரு வளைவா ஏறுது, நான் ஒவ்வொரு வளைவுலயும் வாந்தி எடுக்கிறேன், ஒவ்வொரு வளைவுலயும் அழுவுறேன்."

பக்கிரிசாமி வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

"மணவறையில தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பக்கத்துல பாக்கவே பயமா இருக்கு. அப்ப ஐயிரு நெய்ய ஊத்துனாரு. குப்புன்னு பொகை. நீங்க இருமுனீங்க. நான் லேசா நிமிந்தேன். பாத்தா, யாரோ ஒரு ஆளு. ஒரு கண்ண மூடிக்கிட்டு, மூக்குலயும் கண்ணுலயும் தண்ணி ஊத்த, கையில தாலிய வச்சிக்கிட்டு எங்க கட்டுறதுன்னு தெரியாம முழிக்கிறீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? போட்டோவுல பாத்த ஆளு இல்லன்னு தெரிஞ்சிதா, எனக்கு வயிறு குளுந்துபோச்சு. எங்கப்பா நான் அழுதது பொறுக்காம, யாருக்கும் சொல்லாம மாப்பிள்ளைய மாத்திட்டாருன்னே நெனச்சேன். பந்தியில பாத்தா, அந்தப் போட்டோவுல இருந்த ஆளு, அதே கிழிஞ்ச காதோட, சாம்பார் ஊத்திக்கிட்டு இருக்காரு. பாவம், வேணாம்னு சொன்னதுக்கு வேலை செய்ய வச்சிட்டாங்களேன்னு தோணுச்சு. எங்கப்பா சாவுல, எனக்காக மாப்பிள்ளைய மாத்துனீங்களேன்னு சொல்லித்தான் அழுதேன். எங்கம்மா, என்னாடி ஒளறுற, எவன மாத்துனாருன்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கே வெளங்குச்சு, எதுவோ மாறிப்போயிருக்குன்னு."

"அப்பவாச்சும் என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? வந்த அன்னிக்கே அதக் கையில வச்சிக்கிட்டு, வேலம்மா நான் இவ்ளோ அழகான்னு கேட்டீங்க. அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க."

"சரி, வேணாம்னு சொன்ன மூஞ்சிய எதுக்கு சொவத்துல மாட்டுன? நீதான மாட்டுன?"

வேலம்மா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டாள். "உங்க மேல எனக்குக் கோவம் வராத நாளு உண்டா? வர்றப்ப அத ஒரு தடவ பாப்பேன். தப்பிச்சோம்டி வேலம்மான்னு நெனச்சுக்குவேன். கோவம் எறங்கிடும்."

பக்கிரிசாமி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு உறை போனது. தாப்பாவில் ஒரு முகத்தைப் பெண் வேண்டாம் என்றாள், பீடோரில் இன்னொரு முகத்தைப் பெண்வீடே வேண்டாம் என்றது. தவுக்கேயின் கோட்டுக்கு மலையிறங்கி மரியாதையே கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டா ஐம்பது வருஷம் ஊரைக் கூட்டிப் பேசினோம் என்று நினைத்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்த கையில் நேற்றைய சாயம் ஒட்டியது. எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போய், சவுக்காரம் போட்டுத் தலையையும் மீசையையும் தேய்த்துக் கழுவினார். முழுதாகப் போகவில்லை. பாதி வெள்ளை, பாதி செம்பட்டை, புருவம் மட்டும் அப்படியே கறுப்பு.

விக்னேஸ்வரி வந்து சேர்ந்தபோது, இரண்டு கிழவர்களும் இருளப்பன் வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேலம்மா கதவில் சாய்ந்து நின்றாள். பக்கிரிசாமி சட்டம் போட்ட படத்தை எடுத்து இருளப்பன் மடியில் வைத்தார்.

"இதப் புடிடா. இதான் நீ."

"என்னாடா இது? இது உன் சொவத்துப் போட்டோல்ல?"

"காதத் தடவிப் பாரு. கொய்யா மரத்துக் காது. உறை மாறிப்போச்சுடா. பீடோர்க்காரன் வேணாம்னது என் மூஞ்சிய. உன் மூஞ்சிய இல்ல. இத்தன வருசம் ஊர் பூரா நான் சொல்லிச் சிரிச்சது என்னத்தான். மன்னிச்சிக்கடா இருளா."

இருளப்பன் படத்தைக் கண்ணுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் தூக்கிப் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார். தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தார். மெல்ல மெல்ல முதுகு நிமிர்ந்தது. ஐம்பது வருஷமாகக் குனிந்திருந்த ஏதோ ஒன்று நிமிர்வது பக்கிரிசாமிக்கே தெரிந்தது.

"அட! டாக்டர் மாதிரில்ல இருக்கேன்!" என்றார் இருளப்பன். "செல்லம் பாத்திருக்கணும்டா." குரல் சற்று கம்மியது. பிறகு ஏதோ பளிச்சென்று தோன்றி, குறும்பாகத் திரும்பினார். "அப்ப, தாப்பாவுல சரின்னது என் மூஞ்சியப் பாத்துதானா? என்ன தங்கச்சி?"

பக்கிரிசாமியின் நாக்கு நுனி வரைக்கும் பதில் வந்துவிட்டது. முண்டக் கண், அடிக்க வருகிற மாதிரி நிற்கிறான், மூன்று நாள் சோறு தின்னவில்லை: அத்தனையும் வரிசையாக நின்றன. வேலம்மாவைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை மெல்ல ஆட்டினாள்.

"ஆமாண்டா. மொத வீட்டுலயே" என்றார் பக்கிரிசாமி.

"கேட்டியாம்மா? மொத வீட்டுலயே!" என்று இருளப்பன் விக்னேஸ்வரியிடம் சொன்னார். அடுத்த திருவிழாவுக்கு ஆள் தயாராகிவிட்டார் என்பது தெரிந்தது.

விக்னேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வெள்ளை முடி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் எதையும் கேட்கவும் இல்லை. இருளப்பனைத் தனியாக எடுத்து முடித்தாள். பிறகு பக்கிரிசாமியைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து வந்த படத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். அவர் பிடித்தார். சோகமாகப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்து, அந்தப் புருவத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டாள்.

விளக்கு பளிச்சென்றது.

"ஐயோ தாத்தா, மறுபடியும் ஒரு கண்ண மூடிட்டீங்க. ரெண்டு போட்டோவுலயும் ஒரே மாதிரி மூடிக்கிட்டு. இன்னொண்ணு எடுக்கிறேன்."

வேலம்மா கதவடியிலிருந்து வந்து காமிராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்தாள். அதிலிருந்த மனிதர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையில் இன்னொரு ஒற்றைக் கண்ணனைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

"வேணாம்மா. இதுவே இருக்கட்டும்" என்றாள். "நான் பாத்துக் கட்டிக்கிட்டது இந்த மூஞ்சியத்தான்."